7 வருட ஆபரேட்டர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்: கிராஜுவிட்டி, போனஸ், ஈ.எஸ்.ஐ. எது கட்டாயம்?

ஷெட்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சின்ன பிரஸ் ஷாப். மூன்று பவர் பிரஸ், இரண்டு லேத், ஒரு மில்லிங். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். அப்பா நடத்தியது, உடம்பு முடியாமல் போனதால் ஒன்றரை வருடமாக நான் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு பிரஸ் ஆபரேட்டருக்கும் எங்கள் சூப்பர்வைசருக்கும் வாய்த்தகராறு. அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் திரும்ப வரவில்லை. ராஜினாமா கடிதம் எதுவும் தரவில்லை. அப்பா காலத்திலிருந்து 7 வருடம் இருந்தவர், கை சுத்தம், வேலையும் நன்றாகப் பார்ப்பார். நாலு நாள் கழித்து வருவார் என்று இருந்தேன், வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. காரணம் இல்லாமல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்களாம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) வேண்டுமாம், போனஸ் பாக்கி இருக்கிறதாம், ஈ.எஸ்.ஐ (அரசுத் தொழிலாளர் காப்பீடு) பிடிக்கவே இல்லையாம். கடைசிச் சம்பளம் பேசிக், டி.ஏ சேர்த்து 14,000, அது போக 4,000 அலவன்ஸ். எங்களிடம் வாங்கிய அட்வான்ஸில் 40,000 இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.

ரெஜிஸ்டரில் 9 பேர். இதுபோக பீகார் பையன்கள் மூன்று பேர், காண்ட்ராக்ட் என்று சொல்கிறோம், ஆனால் சனிக்கிழமை கூலியை நான்தான் கையில் கொடுக்கிறேன். கணக்கு எழுத ஒரு அக்கா அரை நாள் வருவார்.

கேட்க வேண்டியது இதுதான். 10 பேருக்குக் கீழ் என்றால் இதெல்லாம் பொருந்தாது என்று பக்கத்து ஷெட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா? கிராஜுவிட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த 40,000-ஐக் கழித்துக்கொள்ளலாமா? இன்னொருவர், இரண்டு மெஷினை மனைவி பெயரில் புது ஜி.எஸ்.டி எடுத்துப் பிரித்துவிடு, இனிமேல் தலைவலி இல்லை என்கிறார். அதைச் செய்யலாமா? புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) வந்துவிட்டது, பழைய சட்டமே கிடையாது என்று வேறு ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு சுற்றுகிறது. தலை சுற்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சம்பளரெஜிஸ்டர்

தம்பி, நான் கோவை, திருப்பூர் பக்கம் சின்ன யூனிட்களுக்கு பி.எஃப், ஈ.எஸ்.ஐ கணக்குப் பார்க்கிறவன். வக்கீல் இல்லை. நோட்டீஸுக்குப் பதில் வக்கீல் வழியாகத்தான் போக வேண்டும். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

முதலில் தலைக்கணக்கு. உங்களிடம் 9 பேர் இல்லை, 13 பேர். கூலியை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள், வேலையை உங்கள் சூப்பர்வைசர் வாங்குகிறார், நடுவில் காண்ட்ராக்டர் என்று ஒரு ஆளே கிடையாது. அப்படியானால் அந்த மூன்று பையன்களும் உங்கள் ஆட்கள்தான். அரை நாள் வருகிற அக்காவும் கணக்கில் வருவார். ரெஜிஸ்டரில் பெயர் எழுதவில்லை என்பதால் ஆள் இல்லாமல் போய்விட மாட்டார். ஆய்வாளர் வந்தால் ரெஜிஸ்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரமாகத் தொங்குகிற டிபன் பைகளை எண்ணுவார், சிரிக்காதீர்கள், நான் கண்ணால் பார்த்தது.

10 பேர் தொட்டுவிட்டால் கிராஜுவிட்டி உண்டு, ஈ.எஸ்.ஐ உண்டு, பெண்கள் இருந்தால் மகப்பேறு விடுப்பு உண்டு, பாலியல் புகார்களுக்கு உள்குழு அமைக்க வேண்டும். 20 தொட்டால் பி.எஃப். கிராஜுவிட்டியைப் பொறுத்தவரை கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்திருந்தால் போதும். அப்புறம் 8 பேராகக் குறைந்தாலும் சட்டம் உங்களை விடாது. ஈ.எஸ்.ஐயும் அப்படித்தான், ஒரு தடவை உள்ளே போனால் போனதுதான்.

கிராஜுவிட்டிக் கணக்கு: கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × வருடம். 14,000-க்கு 7 வருடம் என்றால் 56,538 ரூபாய். 7 வருடத்துக்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அது 8 வருடம் ஆகிவிடும், சேர்ந்த தேதியைப் பாருங்கள். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாண்டினால் 10% தனி வட்டி. அவர் மனு கொடுத்தால்தான் என்று இல்லை, கணக்குப் போட்டு அவருக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் தெரிவிப்பது உங்கள் வேலை.

40,000-ஐ அதில் கழிக்க முடியாது. கிராஜுவிட்டியைக் கோர்ட் ஜப்தி கூடச் செய்ய முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் சொத்துக்கு அவர் சேதம் செய்து, அதற்காகவே அவரை முறைப்படி விசாரித்து நீக்கியிருந்தால், சேதத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். ரவுடித்தனம், அடிதடி, வேலை இடத்தில் ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் முழுவதுமே பிடித்து வைக்க இடம் உண்டு. வாங்கிய கடன் இதில் எதிலும் சேராது. அட்வான்ஸைச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்திருக்க வேண்டும், எல்லாப் பிடித்தமும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இப்போது ஆள் போய்விட்டார், இனி அது தனிக் கடன், வவுச்சரில் கையெழுத்து இருந்தால் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

போனஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 20 பேர் இருந்தால்தான் போனஸ் என்பது கடைகளுக்கும் மற்ற இடங்களுக்கும். 1965 சட்டத்தில் தொழிற்சாலை என்றால் எண்ணிக்கை பார்க்காமல் உண்டு, மின்சாரத்தில் ஓடி 10 பேர் இருந்தாலே பழைய சட்டப்படி அது தொழிற்சாலை. அதனால் பழைய வருடங்களுக்குக் குறைந்தபட்சம் 8.33%, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், அவர் கேட்கலாம். தீபாவளிக்குக் கொடுத்திருப்பீர்கள் அல்லவா, அதைக் கழிக்கலாம். ஆனால் கவரில் போட்டு ஸ்வீட் பாக்ஸோடு கொடுத்து, கையெழுத்து வாங்காமல் விட்டிருந்தால் கொடுத்ததை எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

---

சிட்கோ பழையவர்

மேலே சார் சொன்னதெல்லாம் சரி. நான் ஈ.எஸ்.ஐ பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பிரஸ் ஷாப் நடத்துகிறவன் பயப்பட வேண்டியது கிராஜுவிட்டிக்கு இல்லை, விரலுக்குத்தான்.

எங்கள் வரிசையில் ஒரு ஷெட். 40 டன் பிரஸ்ஸில் கால் பெடல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஆர்டர் அவசரம் என்று டை (அச்சு) முன்னால் இருந்த பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டார்கள். சாயந்திரம் ஷிப்ட் மாறுகிற நேரம், பீஸ் டையில் ஒட்டிக்கொண்டது, பையன் கையால் தட்டிவிடப் போனான். வலது கை ஆள்காட்டி விரல் முழுசாகப் போய்விட்டது. தனியார் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், எல்லாம் முதலாளி கையிலிருந்து. அதோடு முடிந்தது என்று நினைத்தார். அப்புறம்தான் இழப்பீட்டு மனு வந்தது.

கணக்கைச் சொல்கிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். அப்போது இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14% இழப்பு, கட்டை விரலுக்கு 30%, ஒரு கையில் நாலு விரலும் போனால் 50%. மாதச் சம்பளத்தை 15,000 வரைக்கும்தான் எடுப்பார்கள், அதில் 60% 9,000. 30 வயது ஆளுக்குப் பெருக்கும் எண் 207.98. பெருக்கினால் 18,71,820 வருகிறது, அதில் 14% 2,62,000-க்குக் கொஞ்சம் மேல். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12% வட்டி, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் பாதி அளவுக்கு அபராதம் வேறு போடலாம். விரலுக்கே இவ்வளவு. உயிர் போனால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதே ஆளுக்கு ஈ.எஸ்.ஐ இருந்திருந்தால் முதலாளி பங்கு 3.25%, 15,000-க்கு மாதம் 487.50. தொழிலாளி பங்கு 0.75%, 112.50. விபத்துக்கு ஈ.எஸ்.ஐ பொறுப்பு எடுத்துக்கொள்கிறது, இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. வேலைக்கு வர முடியாத நாளுக்கு 90% சம்பளம் அவனுக்குப் போகும், ஊனம் நிரந்தரம் என்றால் மாதாமாதம் பென்ஷன். பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும் தொழிலாளிக்கு உரிமை போகாது, ஈ.எஸ்.ஐ அவனுக்குக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலுக்கு வரும்.

இத்தனையும் தெரிந்துதான் பல பேர் பதிவு செய்யாமல் இருக்கிறார்கள். கேட்டால் “பசங்களே பிடிக்காதீங்கன்னு சொல்றாங்க” என்பார்கள். அது பொய்யும் இல்லை, கையில் முழுசாக வேண்டும் என்று பையன்கள் கேட்பது உண்மைதான். ஆனால் அவன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் எங்கேயும் செல்லாது. விரல் போன அன்றைக்கு அவன் மனைவி வந்து நிற்கும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டுவீர்களா?

---

செட்டர்2009

முதலாளிமார்கள் எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் மெஷின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சி.என்.சி செட்டர்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒன்று. 40,000 பாக்கி என்பதற்காக அவர் ஆதார் கார்டையோ, ஐ.டி.ஐ சர்டிபிகேட்டையோ எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அட்வான்ஸைக் காட்டி ஆளை வேறு இடத்துக்குப் போகவிடாமல் செய்தால் 1976 கொத்தடிமைச் சட்டம் வரைக்கும் போகும், அது லேபர் ஆபீசோடு முடிகிற விஷயம் இல்லை, ஆர்.டி.ஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), போலீஸ், ஜெயில் என்று போகும். விசைத்தறி, செங்கல் சூளைக்குத்தான் அந்தச் சட்டம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை.

அப்புறம், பையன்கள் ஈ.எஸ்.ஐ வேண்டாம் என்பார்கள் என்று சொன்னீர்களே. 112 ரூபாய்க்காக இல்லை சார். ஈ.எஸ்.ஐ கார்டு வருவதற்கே நாலு மாதம் ஆகிறது, எந்த டிஸ்பென்சரி என்று யாரும் சொல்வதில்லை, ஒரு நாள் லீவு போட்டுக் கியூவில் நின்றால் அந்த நாள் சம்பளம் கட். அதனால் வேண்டாம் என்கிறார்கள். எங்கள் கம்பெனியில் எச்.ஆர் அம்மா முதல் தடவை கூடவே வந்து காட்டிக் கொடுத்தார், இப்போது எவனும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒருத்தன் மனைவிக்குப் பிரசவமே அங்கேதான்.

உங்கள் ஆபரேட்டர் வாய்த்தகராறுக்காக நோட்டீஸ் அனுப்பியிருக்க மாட்டார். 7 வருடத்தில் ஒரு சம்பள ஸ்லிப் கூடக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பைக் லோனுக்குப் போனால் ஸ்லிப் எங்கே என்பான். கோபம் அங்கேயிருந்து சேர்ந்துகொண்டே வரும்.

---

ஷெட்காரன்

செட்டர் அண்ணா, சம்பள ஸ்லிப் விஷயம் சரிதான், அப்பா காலத்திலிருந்தே நோட்டுக் கணக்குதான். ஆதார் எதுவும் பிடித்து வைக்கவில்லை.

சம்பளரெஜிஸ்டர் சார், இரண்டு சந்தேகம். நான் அவரை நீக்கவே இல்லை, அவராகப் போனார், இதை எப்படி நிரூபிப்பது? மனைவி பெயரில் பிரிப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. புது கோடு வேறு.

---

சம்பளரெஜிஸ்டர்

பிரிக்கிற யோசனை சொன்னவர் யாரோ, அவரிடம் இனிமேல் யோசனை கேட்காதீர்கள். ஜி.எஸ்.டி நம்பர் இரண்டு இருந்தால் நிறுவனம் இரண்டு ஆகிவிடாது. ஒரே கேட், ஒரே ஈ.பி கனெக்‌ஷன், ஒரே சூப்பர்வைசர், காலையில் உங்கள் லேத்தில் நிற்கிற ஆள் மத்தியானம் மனைவி பெயரில் இருக்கிற பிரஸ்ஸில் நிற்கிறான், இரண்டுக்கும் அதே பம்ப் கம்பெனிதான் ஆர்டர். நிர்வாகம், பணம், ஆட்கள், வேலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறதா என்றுதான் கோர்ட் பார்க்கிறது, அசோசியேட்டட் சிமென்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன அளவுகோலை இன்னும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று என்று முடிவானால் பிரித்த நாளிலிருந்து பாக்கி வரும், அதோடு வேண்டுமென்றே மறைத்தார்கள் என்ற பெயரும் வரும், அபராதம் போடும்போது அது கணக்கில் சேரும். உண்மையிலேயே தனித் தொழில், தனி இடம், தனி ஆட்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அது வேறு.

அவராகப் போனார் என்பது. நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே “இன்ன தேதியிலிருந்து வேலைக்கு வரவில்லை, உடனே வந்து சேரவும்” என்று வீட்டு முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் இரண்டு கடிதம் போயிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருந்திருக்கும். இப்போதும் கெட்டுப்போகவில்லை, வக்கீல் பதிலிலேயே “நாங்கள் நீக்கவில்லை, வேலை இருக்கிறது, வந்து சேரலாம்” என்று எழுதச் சொல்லுங்கள். மனதாரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்து நின்றால் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்த ஆளை ஆட்குறைப்பு என்று அனுப்ப ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால் அந்த நீக்கமே செல்லாது என்று லேபர் கோர்ட் சொல்லலாம், திரும்ப வேலை, இடைக்காலச் சம்பளம் என்று போகும். வழக்கு மூன்று நாலு வருடம் இழுத்தால் அந்த இடைக்காலச் சம்பளம் கிராஜுவிட்டியைப் போலப் பல மடங்கு. “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று முதலில் அவர் போனை வாங்கிப் பாருங்கள். பல வழக்கு அங்கேதான் தோற்கிறது.

புது கோடு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் அமலுக்கு வந்தது உண்மை, 29 மத்தியச் சட்டங்கள் அதற்குள் போய்விட்டன. அதற்காகப் பழைய பாக்கி எல்லாம் அழிந்துவிட்டது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தந்தக் காலத்துக்கு அந்தந்தச் சட்டம். உங்கள் மாதிரி ஆட்களுக்கு அதில் உடனே கவனிக்க வேண்டியது: எல்லா ஆட்களுக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், பீகார் பையன்களுக்கும் சேர்த்து. ஆள் போனாலும் சரி, நீக்கினாலும் சரி, சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும், “அடுத்த மாதம் பத்தாம் தேதி வா” என்கிற பழக்கம் இனி ஆகாது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி வைத்த ஆளுக்கு மற்றவர்களைப் போல ஐந்து வருடம் வேண்டாம், ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி. போனஸில் தொழிற்சாலைக்கும் எண் 20 ஆகியிருக்கிறது.

அப்புறம் சம்பளத்தை உடைப்பது. 16,000 கொடுத்துவிட்டு பேசிக் 6,000, மீதி 10,000 அந்த அலவன்ஸ் இந்த அலவன்ஸ் என்று போடுவார்கள் அல்லவா, இனி அலவன்ஸ் பாதியைத் தாண்டினால் தாண்டிய பணம் சம்பளத்தோடு சேர்ந்துவிடும், அதாவது 8,000-க்குத்தான் கணக்கு ஆரம்பிக்கும். இது புதிது என்று எல்லோரும் கத்துகிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற அலவன்ஸ் பேசிக்தான் என்று பி.எஃப் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 2019-லேயே சொல்லியாயிற்று. அதற்கும் முன்னால் பொறியியல் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி, ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறுகிற டி.ஏ எல்லாம் இருக்கிறது, 6,000 பேசிக் அங்கேயே நிற்காது. உங்கள் 14,000, 4,000 பிரிப்பில் இந்தப் பாதிக்கணக்குச் சிக்கல் இல்லை.

---

சிட்கோ பழையவர்

பி.எஃப் பற்றி ஒரு வரி. 13 பேர் என்றால் இப்போது இல்லை, ஆனால் ஆர்டர் வந்து 20 தொட்டால் பிடித்தத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். தொழிலாளியிடம் பிடித்த பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் வருமான வரியில் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. என் ஆடிட்டர் இதற்காகவே மாதம் 12-ஆம் தேதி போன் போட்டுக் கத்துவார்.

---

ஷெட்காரன்

வாட்ஸ்அப் பார்த்தேன். சூப்பர்வைசர் எதுவும் அனுப்பவில்லை, போனில்தான் பேசியிருக்கிறார், நல்லவேளை. வக்கீலிடம் பேசியாயிற்று, வேலைக்கு வரலாம் என்று எழுதுகிறோம், வரவில்லை என்றால் கிராஜுவிட்டியை முழுசாகக் காசோலையாகக் கொடுத்துவிடுகிறோம். 40,000-ஐ அவரிடமே கேட்டுப் பார்க்கிறேன், அப்பாவிடம் அவருக்கு மரியாதை உண்டு.

ஈ.எஸ்.ஐ பதிவு செய்யப் போகிறேன். பழைய மாதங்களுக்குப் பையன்களிடம் அவர்கள் பங்கைப் பிடிக்கலாமா? பீகார்க்காரர்களுக்கு இங்கே கார்டு எடுத்தால் ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்குப் பயன்படுமா?

---

சம்பளரெஜிஸ்டர்

பழைய மாதத்துக்குப் பிடிக்கக் கூடாது. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடித்திருந்தால் உண்டு, விட்டுவிட்டால் இரண்டு பங்கும் நீங்கள்தான், அதற்கு மேல் 12% வட்டி. 10 பேர் ஆன 15 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும், அதனால் எந்த மாதத்திலிருந்து 10 ஆனது என்பதை அப்பாவின் நோட்டைப் பார்த்து நேர்மையாக எழுதுங்கள். இன்றைய தேதியைப் போட்டுவிட்டால், அந்த ஆபரேட்டரின் நோட்டீஸே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

பீகார் பையன்களுக்குப் பயன்படும். ஈ.எஸ்.ஐ எண் இந்தியா முழுக்க ஒன்றுதான். சேர்க்கும்போதே அம்மா அப்பா பெயர், ஆதார், ஊர் முகவரியைக் கொடுத்து, குடும்பம் வேறு ஊரில் இருக்கிறது என்று குறித்து அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியைத் தேர்வு செய்யுங்கள். பெற்றோர் மகனின் சம்பளத்தை நம்பி இருப்பவர்களாக இருக்க வேண்டும். பையன்களின் ஆதாரில் பிறந்த தேதியும் பேங்க் கணக்கில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி விண்ணப்பம் அங்கேதான் நின்றுபோகிறது.